பூத்துக்கு முந்தின இடம்: பிரெப் ஸ்டேஷன் வாங்கும் முன்

டிங்கரிங் முடிந்த காருக்கும் பெயின்ட் பூத்துக்கும் நடுவே ஒரு பெரிய வேலை கிடக்கிறது. பட்டி பூச வேண்டும், தேய்க்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும், கண்ணாடி, ரப்பர், விளக்கு எல்லாவற்றையும் மாஸ்கிங் செய்ய வேண்டும். ஒரு கதவுக்கு நிறம் அடிக்க ஆகும் நேரத்தைப்போலப் பல மடங்கு இதற்குப் போகிறது. நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் இதெல்லாம் ஷெட்டின் ஏதோ ஒரு மூலையில் நடக்கும். பிரைமர் மட்டும் தூசி படக் கூடாது என்று பூத்துக்குள் ஏறும். காலையில் பிரைமருக்காக உள்ளே போன கார் மதியம் வெளியே வரும்வரை, நிறம் அடிக்கத் தயாரான கார் வாசலில் காத்துக் கிடக்கும்.

இந்த நடுவேலைக்கென்று தனியாகக் கட்டும் இடம்தான் பிரெப் ஸ்டேஷன். வடிகட்டி பதித்த கூரை, அதிலிருந்து இறங்கும் சுத்தமான காற்று, அந்தக் காற்றைத் தரையிலோ பின்சுவரிலோ உறிஞ்சி எடுக்கும் வழி, நல்ல விளக்கு, இழுத்து மூடும் திரை: இவ்வளவுதான் அதன் உடம்பு. பூத்துக்கு உள்ள இறுகிய கதவும், காரை 60 டிகிரிக்குச் சூடேற்றும் பர்னரும் இதற்கு வேண்டியதில்லை. பட்டி, பிரைமர், மாஸ்கிங் மூன்றும் இங்கேயே முடியும். பம்பர், ஃபெண்டர், ஒரு கதவு போன்ற சின்ன வேலைகளுக்கு நிறமும் கிளியர் கோட்டும்கூட இங்கே அடிக்கலாம். முழுக் காருக்கும், ஒரு பக்கம் முழுவதற்கும் அடிக்கும் வேலை பூத்துக்கே போக வேண்டும்.

கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டைத் திறங்கள். இரண்டு வாரத்துக்கு, பூத்துக்குள் ஏறும் ஒவ்வொரு காரையும் எழுதுங்கள்: எதற்காக ஏறியது, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை பேனல். பிரைமருக்காக ஏறியவை, ஒற்றை பம்பருக்காக ஏறியவை, மாஸ்கிங் முடியாமலே ஏறி உள்ளே வைத்து மாஸ்கிங் செய்தவை ஆகியவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். பூத்தின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போகிறது என்றால் பிரெப் ஸ்டேஷன் உங்களுக்கு வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் உங்கள் நெரிசல் வேறெங்கோ இருக்கிறது. டிங்கரிங்கில் ஆள் குறைவாக இருக்கலாம், உதிரிபாகம் வரத் தாமதமாகலாம், சர்வேயர் ஒப்புதலுக்காகக் கார் நிற்கலாம். அதற்கெல்லாம் இந்த இயந்திரத்தில் மருந்து கிடையாது.

இன்ஷூரன்ஸ் வேலையில் பெயின்ட் கூலி பெரும்பாலும் பேனல் கணக்கில் வருகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். பம்பரை இரண்டு மணி நேரத்தில் முடித்தாலும், ஒரு நாள் பூத்தைக் காத்திருந்து முடித்தாலும் பில்லில் அதே தொகைதான். மிச்சப்படும் நேரம் முழுக்க உங்களுடையது. முதலீடு திரும்புமா என்ற கணக்கை இந்த நேரத்தை வைத்துப் போடுங்கள். விற்பனையாளர் காட்டும் "மாதம் இத்தனை கார் கூடுதலாக" என்ற அட்டவணையை வைத்துப் போடாதீர்கள். அந்த அட்டவணையில் உங்கள் ஊர் கரன்ட் என்றைக்கும் போவதில்லை, உங்கள் பெயின்டர் என்றைக்கும் லீவு எடுப்பதில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

பிரெப் ஸ்டேஷனின் விலையில் கண்ணுக்குத் தெரிவது விளக்கும் திரையும் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டமும். நீங்கள் வாங்குவது காற்றை. எனவே முதல் கேள்வி ஃபேனைப் பற்றியதாக இருக்கட்டும்.

கணக்கு எளிது. கூரையில் வடிகட்டி இருக்கும் பரப்பு 6 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 18 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் இறங்கினால் விநாடிக்கு 4.5 கன மீட்டர், மணிக்கு 16,200 கன மீட்டர். இதற்கு மிகவும் குறைந்தால் தேய்க்கும் தூசி கீழே இறங்காமல் பெயின்டரின் முகத்தருகே மிதக்கும். கேட்டலாக்கில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பது பல நேரம் வடிகட்டியும் குழாயும் இல்லாமல், தடையின்றி ஃபேன் தள்ளும் அளவு. வடிகட்டியில் பாதி தூசி அடைத்த நிலையில் எவ்வளவு வரும், எத்தனை பாஸ்கல் எதிர் அழுத்தத்தில் அந்த அளவு என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்று எங்கிருந்து வரும்? 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஷெட்டில் 1,500 கன மீட்டர் காற்று இருக்கும். மேலே சொன்ன ஃபேன் அதை ஐந்தரை நிமிடத்தில் முழுவதும் வெளியேற்றிவிடும். உள்ளே காற்றைத் தரும் தனி ஃபேன் இல்லையென்றால், ஷட்டருக்கு அடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இடுக்கிலும் நுழைந்து தெருப் புழுதி உங்கள் பட்டறைக்குள் வரும். பக்கத்தில் பழைய பூத் இருந்தால், அதன் கதவிடுக்கு வழியாகவும் காற்றை இழுக்கும். "பிரெப் ஸ்டேஷன் போட்ட பிறகு தூசி அதிகமாகிவிட்டது" என்று சொல்லும் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

சந்தையில் மூன்று வகை பார்ப்பீர்கள். ஒன்று, ஒரே ஃபேன் வைத்து உறிஞ்சிய காற்றை வடிகட்டி மறுபடி பட்டறைக்குள்ளேயே விடுவது. மற்றொன்று, ஒரே ஃபேன் வைத்து வெளியே தள்ளுவது. மூன்றாவது, மேலிருந்து தள்ள ஒரு ஃபேன், கீழிருந்து இழுக்க ஒரு ஃபேன் என்று இரண்டு வைத்தது. முதல் வகை தேய்க்கும் வேலைக்கு மட்டும் சரி. தூசியை வடிகட்டி பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. கரி வடிகட்டி சேர்த்திருக்கிறோம் என்பார்கள். கரி நிறைந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, அதை நம்பி மூடிய ஷெட்டுக்குள் பிரைமர் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது வகை மூன்று பக்கமும் திறந்த கொட்டகைக்குப் பரவாயில்லை. மூடிய ஷெட்டில் பிரைமரும் நிறமும் அடிக்கப்போகிறீர்கள் என்றால் மூன்றாவதுதான். விலை கூடத்தான் செய்யும், கரன்ட்டும் கூடும். வேறு வழியில்லை.

இரண்டு ஃபேனும் சரியாக ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கக் கருவி வேண்டாம், திரையைப் பாருங்கள். ஓடும்போது திரை லேசாக உள்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் புடைத்தால் பெயின்ட் பனி பட்டறைக்குள் போகிறது. ரொம்பவும் உள்ளே இழுத்துக்கொண்டால் கீழ் இடைவெளி வழியாகத் தரைத்தூசி ஏறுகிறது. இதைச் சீராக்க ஒவ்வொரு ஃபேனுக்கும் வேகம் மாற்றும் டிரைவ் இருந்தால் நல்லது. மின்செலவிலும் அது கைகொடுக்கும்: ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாஸ்கிங் செய்யும்போதும் பட்டி பூசும்போதும் முழு வேகம் எதற்கு?

புகைபோக்கி கூரைக்கு மேலே போகட்டும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே சுவரில் ஓட்டை போட்டு முடிப்பவர்களுக்குப் புகார் மனு சீக்கிரம் வந்துசேரும். அதைவிட, வெளியேற்றும் காற்றே மறுபடி உள்ளிழுக்கும் வாய்க்குள் நுழையாதபடி இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும்.

குழியா, மேடையா, சுவரா

தரையில் குழி வெட்டி, மேலே கம்பி வலை போட்டு, காற்றைச் செங்குத்தாகக் கீழே இழுப்பது சிறந்த முறை. புத்தகத்தில் சிறந்தது உங்கள் இடத்தில் சிறந்ததா என்று பார்க்க வேண்டும். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. வெள்ளமே வராவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிக் குழியில் ஊறும். ஈரக் குழியின் மேல் பிரைமர் அடிப்பது வீண்வேலை. வாடகை இடத்தில் குழி வெட்ட உரிமையாளர் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தாலும் காலிசெய்யும்போது அந்தக் குழி உங்களோடு வராது.

இரும்பு மேடை போட்டு அதற்கடியில் காற்று ஓடவிடுவது இரண்டாவது வழி. மேடை ஒரு அடி உயரம் இருக்கும். கார் ஏற முன்னால் சரிவுப்பலகைக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மீட்டர் வேண்டும். டை ராட் உடைந்து சக்கரம் திரும்பாமல் வரும் விபத்து வண்டியை டிராலியில் தள்ளி அதில் ஏற்றுவது எத்தனை பேர் வேலை என்று உங்களுக்கே தெரியும்.

பின்சுவரில் உறிஞ்சும் வகைக்குக் குழியும் வேண்டாம், மேடையும் வேண்டாம். காற்று கூரையின் முன்பாதியில் இறங்கிச் சாய்வாகப் பின்னால் போகும். காரின் பின்பக்கத்தில் தூசி கொஞ்சம் தங்கத்தான் செய்யும், எனவே வேலை செய்யும் பேனல் முன்னால் இருக்கும்படி காரைத் திருப்பி நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் வாடகை ஷெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

அளவைப் பொறுத்தவரை காரைச் சுற்றி ஆள் குனிந்து வேலை செய்ய ஒரு மீட்டர் வேண்டும். இன்னோவா கிரிஸ்டா 4.735 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம். ஆக 7 மீட்டருக்கு 4 மீட்டர். ஸ்விஃப்டை மட்டும் மனத்தில் வைத்து 6 மீட்டரில் நிறுத்தினால், பெரிய வண்டி வரும் நாளில் திரையை மூட முடியாது. திரை மூடாத பிரெப் ஸ்டேஷன் விலை கூடிய விளக்குப் பந்தல்.

சூடேற்ற வேண்டுமா

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சான கேட்டலாக்குகள் சூடேற்றும் வசதியைப் பெரிதாகப் பேசும். அங்கே பல இடங்களில் ஜனவரியில் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே போகும், சூடில்லாமல் பிரைமர் காயாது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயின்ட் டப்பாவோடு வரும் தகவல் தாளில் போட்டிருக்கும் காயும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு உரியது. நம் ஷெட்டுகளில் பெரும்பாலானவை வேலை நேரத்தில் அந்தக் குளிரைப் பார்ப்பதில்லை. மே மாதத்தில் தலைகீழ்த் தொல்லைதான்: பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும், மெதுவான ஹார்டனரும் தின்னரும் வாங்க வேண்டியிருக்கும்.

சூடு உதவும் காலம் வடகிழக்குப் பருவமழை. 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 57 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் மணிக்கு 16,200 கன மீட்டர் காற்றை எட்டு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 40 கிலோவாட் வேண்டும். டீசல் பர்னரில் மணிக்கு நாலைந்து லிட்டர். ஆண்டில் மூன்று மாதத்துக்காக இதை வாங்குவதைவிட, ஒரு நகர்த்தும் அகச்சிவப்பு விளக்கு வாங்குங்கள். அது காற்றை விட்டுவிட்டுப் பேனலைச் சூடேற்றுகிறது. சிற்றலை வகையில் பட்டியும் பிரைமரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேய்க்கும் பதத்துக்கு வரும். பிளாஸ்டிக் பம்பருக்குக் கிட்டே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், நெளிந்துவிடும். புற ஊதா விளக்கில் சில நிமிடங்களில் காயும் பிரைமரும் இப்போது வருகிறது. சின்னக் கீறல் வேலை அதிகம் உள்ள பட்டறை அதையும் விசாரிக்கலாம்.

தண்ணீர்ப் பழக்கம்

இதைத் தீர்க்காமல் பிரெப் ஸ்டேஷன் வாங்குவதில் பொருளில்லை. நம்மிடம் இன்னும் பல பெயின்டர்கள் வாட்டர் பேப்பரும் பக்கெட் தண்ணீருமாகத்தான் பட்டி தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, கை நன்றாகப் பேசும் என்பார்கள். தூசி பறக்காது என்பது உண்மை. ஆனால் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். அவசரத்தில் அதன்மேல் பிரைமர் ஏறினால், மாதங்கள் கழித்து வெயிலில் கொப்புளமாகவும் துருவாகவும் அது வெளியே வரும். அந்தக் கார் உங்களிடம்தான் திரும்பி வரும். பிரெப் ஸ்டேஷனோ உலர்ந்த தேய்ப்புக்காகச் செய்யப்பட்டது. சேற்றுத் தண்ணீர் கம்பி வலைக்குள் இறங்கினால் கீழ் வடிகட்டி ஒரு வாரம் தாங்காது.

ஆகவே உறிஞ்சும் குழாய் பொருத்திய தேய்க்கும் மெஷினும் அதற்கான வேக்குவமும் இந்த வாங்கலின் ஒரு பகுதி. பட்ஜெட் போதாதென்றால் காரைத் தூக்கும் லிஃப்டை விடுங்கள், விலை கூடிய திரையை விடுங்கள், இதை விடாதீர்கள். கூரையிலிருந்து வரும் காற்று மிதக்கும் தூசியைத்தான் கீழே அமுக்கும், உப்புத்தாளின் அடியில் பிறக்கும் தூசியை அங்கேயே பிடிப்பது வேக்குவம். 80 நம்பரில் தொடங்கி 320 வரை பட்டியை உலர்ந்தே கொண்டுபோகப் பழகிய பெயின்டர் மறுபடி பக்கெட்டைத் தேடமாட்டார். பழகும்வரை முணுமுணுப்பு இருக்கும்.

நுரையீரலும் நெருப்பும்

டூ-கே பிரைமர், கிளியர் கோட் இரண்டின் ஹார்டனரிலும் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுப்பதால் தொழில்சார் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும், அந்தப் பெயின்டர் தொழிலையே விட வேண்டியதாகும். பாதுகாப்பான அளவைத் தாண்டினாலும் அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது. எனவே மாஸ்க்கில் மாட்டிய வடிகட்டும் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதா என்று அணிந்தவருக்கே தெரிய வழியில்லை. வெளியிலிருந்து காற்று தரும் மாஸ்க்தான் சரி. பூத்தில் அதை மாட்டுகிறவர்கள்கூடப் பிரெப் ஸ்டேஷனில் "ஒரே ஒரு ஃபெண்டர்தானே" என்று விட்டுவிடுவார்கள். திரைக்கு வெளியே பாலிஷ் போடும் பையனுக்கு எந்த மாஸ்க்கும் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

இதற்கு ஒரு நல்ல பூட்டு உண்டு. ஸ்பிரே கன்னுக்குப் போகும் காற்றுக்குழாயில் ஒரு சோலனாய்டு வால்வு வைத்து, ஃபேன் ஓடினால்தான் கன்னுக்குக் காற்று வரும்படி செய்வது. செலவு சிறியது. விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே குழாயில் தண்ணீரைப் பிரிக்கும் டிரையரும் வேண்டும். கடலோர ஊர்களில் கம்ப்ரசர் தொட்டியில் தினமும் தண்ணீர் சேரும், அது கன் வழியாக வந்தால் எத்தனை நல்ல ஸ்டேஷனும் காப்பாற்றாது.

நெருப்பைப் பற்றி ஒரே விதி: பிரெப் ஸ்டேஷனுக்குள் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் கூடவே கூடாது. காய்ந்த பெயின்ட் பனி படிந்த வடிகட்டிக்குள் ஒரு பொறி உறிஞ்சப்பட்டால் போதும். "காலியாகத்தானே இருக்கிறது, இரண்டு டேக் வைத்துக்கொள்கிறேன்" என்று டிங்கர் கேட்பார். கொடுக்காதீர்கள். மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கிறதா, ஃபேன் பொறி எழுப்பாத உலோகத்தில் ஆனதா, விளக்குகள் கண்ணாடியால் மூடி உள்காற்றிலிருந்து பிரிக்கப்பட்டவையா என்பதையும் பாருங்கள்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக: கூரை விளக்கு மட்டும் இருந்தால் கதவின் கீழ்ப்பாதி நிழலில் கிடக்கும், பக்கவாட்டிலும் வேண்டும். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90-க்கு மேல் உள்ள விளக்கைக் கேளுங்கள். வெள்ளையும் சில்வரும் அதிகம் ஓடும் நாட்டில், மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் ஒப்பிட்டால் வெயிலில் கதவு தனியாகத் தெரியும்.

கையெழுத்துக்கு முன்

வடிகட்டி என்ன அளவு, உள்ளூரில் சுருளாக வாங்கி வெட்டிப் போட முடியுமா என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தில் மட்டும் கிடைக்கும் வடிவத்தில் இருந்தால், அடுத்த பத்தாண்டு நீங்கள் அவர்களுக்கு வாடகை கட்டுகிறீர்கள். மோட்டார் சாதாரண 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாராக இருக்கட்டும், கோயம்புத்தூரில் சுற்றித் தராத மோட்டார் கிடையாது. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டர் அவசியம். புது வடிகட்டி போட்ட அன்று முள் எங்கே நிற்கிறது என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். இரண்டு ஃபேன், விளக்கு, வேக்குவம் எல்லாம் சேர்த்த மின்சுமையைக் கணக்கிட்டு, உங்கள் இணைப்பு தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் புதுப் புகைபோக்கியைச் சேர்க்க வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் ஊறிய பழைய வடிகட்டியைக் குப்பைத்தொட்டியில் போட முடியாது, அது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் ஒப்படைக்க வேண்டிய சரக்கு.

வாங்கப்போகும் மாடல் ஏற்கெனவே ஓடும் பட்டறை ஒன்றுக்கு நேரில் போங்கள், முடிந்தால் மழைக்காலத்தில், விற்பனையாளர் இல்லாமல். முதலாளியிடம் பேசுவதைவிடப் பெயின்டரிடம் பேசுங்கள். வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றினார்கள், திரையை மூடித்தான் அடிக்கிறார்களா என்று அவர் சொல்வார்.

மீதித் தொகையை நிறுவல் சோதனை தேறிய பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அனிமோமீட்டர் ஒன்று வாங்கி, கூரை வடிகட்டிக்குக் கீழே ஒன்பது இடத்தில் வேகத்தை அளந்து சராசரி பாருங்கள். பிறகு திரையை மூடி, ஃபேனை நிறுத்தி, கல்யாண மண்டபங்களில் பயன்படுத்தும் புகை மெஷினால் உள்ளே முழுவதும் நிரப்பி, ஃபேனைப் போட்டு நேரம் பாருங்கள். 7 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.7 என்றால் உள்ளே ஏறத்தாழ 76 கன மீட்டர் காற்று, மேலே சொன்ன ஃபேனுக்கு அது 17 விநாடி வேலை. மூலை முடுக்கெல்லாம் சேர்த்தாலும் ஓரிரு நிமிடத்தில் புகை போய்விட வேண்டும். எவ்வளவு நேரத்தில் போகிறதோ அதுதான், அடித்து முடித்த பெயின்டர் மாஸ்க்கைக் கழற்றக் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம், திரைக்கு வெளியே அதை எழுதி ஒட்டுங்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைத்தாலும், வாங்காதீர்கள்.